நாயனம் பதிவு செய்ய எந்த மைக்: ரிப்பனா, கண்டென்சரா, டைனமிக்கா?

சித்திரைத் திருவிழா நெருங்கினால் மதுரையைச் சுற்றியுள்ள சின்ன ஸ்டுடியோக்காரர்கள் எவருக்கும் தூக்கம் இருக்காது. அழகர் வர்ணிப்பு, கருப்பசாமி பாட்டு, கும்மிப் பாட்டு என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தச் சமயத்தில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விக்காகத்தான். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். அப்பா நாயனக்காரர், அதாவது நாதஸ்வரக்காரர், இவரும் வாசிக்கிறவர். வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு பதிவு அறை போடுகிறார்.

"அண்ணே, கையில நாப்பதாயிரம் இருக்கு. ரிப்பன் மைக் வாங்குனா மண்டபத்துல கேக்குற மாதிரியே நாயனம் விழும்ங்கிறாங்க. கண்டென்சரே போதும்னு இன்னொருத்தர் சொல்றாரு. எதைத்தான் வாங்க?"

போனில் பத்து நிமிடம் பேசினேன், அவருக்கும் தெளியவில்லை, எனக்கும் சொல்லி முடித்த நிறைவு இல்லை. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன். மூன்றும் ஓசையை மின்சாரமாக்கும் மைக் வகைகள்தான். ரிப்பனில் மெல்லிய தகடும், டைனமிக்கில் கம்பிச் சுருளும் காந்தத்துக்குள் அசையும்; கண்டென்சரில் மின்னூட்டம் ஏற்றிய ஏடு அசையும். நான் ரிப்பன் மைக்கை மனசார விரும்புகிறவன். இருந்தாலும் கேட்கிற எல்லோரிடமும் அதை வாங்கு என்று சொல்வதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

## மைக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

முதலில் வாத்தியம். நாயனத்தின் குரல், வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியில் பிறக்கிறது. அங்கிருந்து கிளம்பும்போதே அடிப்படை ஸ்வரத்தோடு அதன் மேலோசைகளும் கொத்தாகக் கிளம்புகின்றன. நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான் மிகக் கூர்மையாகக் கேட்கும். நாயனத்தின் காரமும் அந்த இடத்தில்தான் குவிந்து கிடக்கிறது. சுருதி உயர்ந்த குட்டை நாயனமான திமிரி என்றால் இன்னும் கொஞ்சம் காரம் கூடும், சுருதி தாழ்ந்த நீள நாயனமான பாரி என்றால் சற்றுத் தணியும். மண்டபத்தில் இருபது அடி தள்ளி உட்கார்ந்து கேட்கும்போது அந்தக் காரம் காற்றிலும் கூட்டத்திலும் கரைந்து இனிமையாக வந்து சேர்கிறது. ஸ்டுடியோவில் மைக் நாலு அடியில் நிற்கிறது. அங்கே கரைவதற்கு இடமே இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நாயனத்தின் ஓசை, அடியில் புனல் போல விரிந்திருக்கும் அணசு வழியாக மட்டும் வருவதில்லை. ஏழு விரல் துளைகள், அவற்றுக்குக் கீழே சுருதிக்காக மெழுகு வைத்து அடைக்கும் ஐந்து துளைகள் என்று உலவு எனப்படும் குழல் முழுக்க ஓசை கசிகிறது. அணசுக்கு நேராக மைக்கை நீட்டினால் சில ஸ்வரங்கள் வெடிக்கும், சில ஸ்வரங்கள் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும்.

இரண்டாவது, கூட யார் வாசிக்கிறார்கள் என்பது. நாயனம் தனியாக வாசிக்கப்போகிறதா, தவிலோடு ஒரே அறையில் சேர்ந்தா? நம் பக்கத்து நையாண்டி மேளம் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு எல்லாம் ஒன்றாக இறங்கும். ஒவ்வொருவரையும் தனித்தனியே ஹெட்போன் மாட்டி வாசிக்கச் சொன்னால் அந்த மேளத்தின் உயிர் போய்விடும்.

மூன்றாவது அறை. நான்காவது, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கக் கையில் இருக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி எவ்வளவு கெயின், அதாவது பெருக்கம், தரும் என்பது. ஐந்தாவது, மைக்கின் விலையில் எழுதியிராத செலவு. இந்த ஐந்துக்கும் பதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மைக்காகப் பார்க்கலாம்.

## ரிப்பன்

ரிப்பன் மைக்குக்குள் இருப்பது ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. தடிமன் பெரும்பாலும் இரண்டு மைக்ரான் சுற்றி, அதாவது தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு. பாவாடைக் கொசுவம் போல மடித்து, இரண்டு காந்தங்களுக்கு நடுவில் அதைத் தொங்க விட்டிருப்பார்கள். காற்று அசைந்தால் தகடு அசையும், காந்தத்துக்குள் அசைவதால் அதில் மின்சாரம் பிறக்கும். 1930-களில் ஆர்.சி.ஏ. 44 வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கோலோச்சியது இந்த அமைப்பில்தான். பி.பி.சி.க்காக 1950-களில் வடிவமைத்த 4038 மாடலைக் கோல்ஸ் நிறுவனம் இன்றைக்கும் செய்கிறது. 1998-ல் வந்த ராயர் ஆர்-121, கிட்டார் ஆம்ப், ட்ரம்பெட் போன்ற சத்தமான சங்கதிகளுக்கு முன்னால் ரிப்பனைத் துணிந்து நிறுத்தலாம் என்று காட்டியது.

நாயனத்துக்கு இது ஏன் பொருந்துகிறது? எந்தத் தகட்டுக்கும் சொந்தமாக ஒரு அதிர்வு உண்டு. கண்டென்சரிலும் டைனமிக்கிலும் அந்த அதிர்வு காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் எங்கோ விழுகிறது. அதைச் சமாளித்துத்தான் மைக்கை வடிவமைக்கிறார்கள். ரிப்பன் தளர்வாகத் தொங்குவதால் அதன் சொந்த அதிர்வு மிகக் கீழே, கேட்கும் எல்லையின் அடியில் கிடக்கிறது. அதனால் மேலே எங்கும் மேடு இல்லை. மேல் ஓசைகள் போகப் போக மெதுவாகச் சரிந்து இறங்குகின்றன. மண்டபத்தின் காற்று செய்கிற வேலையில் ஒரு பகுதியை இந்த மைக்கே செய்துவிடுகிறது. தம்பியிடம் யாரோ சொன்ன "மண்டபத்துல கேக்குற மாதிரி" என்ற வார்த்தை சும்மா இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. ரிப்பன் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவுக்குக் கேட்கும். இரண்டு பக்கவாட்டிலும் ஏறக்குறைய செவிடு. 8 என்ற எண்ணை வரைந்து பாருங்கள்: நடு இடுப்பு ஒடுங்கியிருக்கிறதல்லவா, அதுதான் அந்தச் செவிட்டுப் பக்கம். நாயனக்காரரை மைக்கின் முகத்துக்கு நேராக மூன்று நான்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, தவில்காரரை மைக்கின் சரியான பக்கவாட்டில் உட்கார வைத்தால், ஒரே அறையில் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்துக்கொண்டே தவில் பாதிக்கு மேல் விலகி நிற்கும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் தவில் மட்டும்தான் மைக்கில் விழும். நான் தவில்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஹெட்போனைக் காதில் வைத்தபடி மைக்கைக் கையால் மெதுவாகத் திருப்புவேன். ஓர் இடத்தில் தவில் சட்டென்று அடுத்த வீட்டுக்குப் போனது போல ஆகும். அங்கே ஸ்டாண்டை இறுக்கிவிட வேண்டியதுதான். இந்த வித்தையை ஒரு பக்கம் மட்டும் கேட்கும் சாதாரண கண்டென்சரில் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது.

சரி, இனி மறுபக்கம்.

பின்பக்கமும் கேட்கும் என்றேன். அங்கே வெறும் சிமெண்டுச் சுவர் இருந்தால் நாயனம் போய் முட்டித் திரும்பி வந்து ரிப்பனிலேயே விழும். தகரக் கொட்டகை என்றால் கேட்கவே வேண்டாம். மைக்குக்குப் பின்னால் குறைந்தது ஐந்தாறு அடி இடமும், சுவரில் தடிமனான மெத்தையும் வேண்டும். ஃபோம் தாள் ஒட்டினால் நாயனத்துக்குப் போதாது. போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சில் தைத்த இரண்டு மெத்தைகளைச் சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளித் தொங்கவிட்டுப் பாருங்கள். என் அறையில் ஆறு வருடமாக அதுதான் தொங்குகிறது.

அடுத்து கெயின். கோல்ஸ் 4038-இன் வெளியீடு ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு மைனஸ் 65 டெசிபல். ரோட் என்.டி.1-ஏ என்ற கண்டென்சருக்கு மைனஸ் 32. வித்தியாசம் 33 டெசிபல், அதாவது நாற்பத்தைந்து மடங்கு. அந்த இடைவெளியை இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப்தான் பெருக்கி நிரப்ப வேண்டும். சின்ன இன்டர்ஃபேஸ்கள் பலவும் 50 முதல் 60 டெசிபல் வரைதான் தரும், அதன் கடைசிப் படியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். இதைப் படித்ததும் பலர் ரிப்பனே வேண்டாம் என்று ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டாம். நாயனம் சத்தமான வாத்தியம். நாலு அடியில் வைத்து வாசித்தால் என் அறையில் 40, 45 டெசிபல் கெயினிலேயே நல்ல அளவு கிடைக்கிறது. வீணை, புல்லாங்குழல் என்று போகும்போதுதான் 65, 70 தேவைப்படும். அப்போது கிளவுட்லிஃப்டர் போன்ற ஒரு பூஸ்டர் பெட்டி வாங்க வேண்டும். அது ஒரு மறைமுகச் செலவு. உள்ளேயே மின்சுற்று வைத்த ஆக்டிவ் ரிப்பன் வாங்கினால் இந்தக் கவலை குறையும், விலை கூடும்.

உடையும் பயம்தான் பெரியது. நம் ஊரில் மைக்கைக் கண்டால் முதலில் செய்வது என்ன? ஒரு தட்டு, ஒரு ஊது. மேடையில் பிறந்து வளர்ந்த பழக்கம் அது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் முதல் ரிப்பன் அப்படித்தான் போனது. ஒரு பெரியவர் உட்கார்ந்தார், கும்பிட்டார், மைக்கை அரை அடிக்கு இழுத்து "ஃபூ" என்றார். தகடு இழுபட்டுக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. மதுரையில் ரிப்பன் மாற்றித் தருகிறவர் கிடைக்காமல் வெளியூருக்கு அனுப்பினேன். திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் சித்திரையும் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் கலைஞர்கள் வந்து உட்காரும்வரை மைக்குக்கு ஒரு துணிப்பையைக் கவிழ்த்தே வைத்திருப்பேன். பையை எடுப்பது நான்தான்.

இரும்புத் தூள் இன்னொரு எதிரி. என் அறைக்குக் கீழே லேத் பட்டறை. ஒரு நாள் நாயனத்தின் கீழ் ஸ்வரங்களில் மட்டும் 'கிர்' என்று ஒரு சிறு உரசல். சீவாளி என்று நினைத்து வித்வான் மூன்று சீவாளி மாற்றிவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தால், வலைக்கு உள்ளே தகட்டின் ஓரத்தில் ஒரு மணல் அளவுக்கு இரும்புத் துகள் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே இருப்பது சாதாரணக் காந்தம் இல்லை, காற்றில் பறக்கும் துகளையும் இழுத்துக்கொள்ளும். பட்டறை, வெல்டிங் கடை பக்கத்தில் இருக்கிறவர்கள் வேலை முடிந்த அடுத்த நிமிடமே மைக்கைப் பையில் போட்டுப் பெட்டிக்குள் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் தகடு நாளடைவில் தொய்ந்துவிடும்.

கண்டென்சருக்காக மைக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரமான ஃபாண்டம் பவர் பற்றி நிறையப் பயமுறுத்துகிறார்கள். வயர் சரியாக இருந்தால் பெரும்பாலான ரிப்பன்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முனை ஷார்ட் ஆன கேபிள்தான் கொல்லும். ஃபாண்டம் போட்டிருந்தால் அணைத்துவிட்டுக் கேபிளை மாட்டுங்கள், மாட்டிய பிறகு அதைப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஆக்டிவ் ரிப்பன் மட்டும் விலக்கு, அதற்கு ஃபாண்டம் வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போதும் கவனம் தேவை. மைக்குக்குள் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர், அறைக்குள் இருக்கும் இன்வெர்ட்டரின் முனகலைப் பிடித்துக்கொள்ளும்.

விலையைப் பார்த்தால், பெயர் பெற்ற ரிப்பன்கள் நம் கைக்கு வரும்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நாற்பதாயிரத்துக்குள் கிடைப்பவையும் உண்டு, நாயனத்துக்கு அவை மோசமில்லை. கூடவே ஒரு கனமான ஸ்டாண்டு வாங்கியே ஆக வேண்டும். கோல்ஸ் 4038 மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் கனம், மெலிந்த ஸ்டாண்டில் மாட்டினால் ராத்திரி சாய்ந்துவிடும்.

## கண்டென்சர்

பதிவு அறையில் ஒரே ஒரு மைக்தான் இருக்கப்போகிறது என்றால் அது இதுதான். பாட்டுக்காரர் வருவார், வர்ணிப்புப் பாட ஒருவர் வருவார், டப்பிங் பேச ஒருவர் வருவார், எல்லோருக்கும் ஆகும். வீணைக்கு ரிப்பனைவிட நான் கண்டென்சரைத்தான் வைப்பேன். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த ஊர் மதுரை, அவருடைய அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். அந்த வாத்தியத்தில் கமகம் இழுத்து ஓயும்போது கடைசியில் மிஞ்சுகிற இழை இருக்கிறதே, அது இரைச்சல் இல்லாத மைக்கில்தான் தெரியும்.

நாயனத்தில் வரும் சிக்கல் வேறு. பத்துப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும், உள்ளே அசையும் ஏடு (டயஃப்ரம்) பெரிதாக இருக்கும் கண்டென்சர்களில் பலவற்றுக்கு மேல் ஓசையில் ஒரு தூக்கல் உண்டு. பாடகர் குரலுக்குப் பளபளப்பு கொடுக்க வைத்தது அது. நாயனத்தில் அது பல்லில் மணல் கடிபட்டது போல ஆகிறது. ஈக்வலைசரில் வெட்டலாம், நானும் வெட்டியிருக்கிறேன். வெட்டினால் காரம் குறையும், கூடவே விரலடியின் தெளிவும் போகும். மைக்கை அணசுக்கு மேலே, விரல் துளைகளைப் பார்த்துச் சாய்த்து, ஐந்து அடி தள்ளி வைத்தால் ஓரளவுக்குச் சமாளிக்கலாம். மைக்கில் சத்தத்தைத் தணிக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள்.

கண்டென்சர் தெருச் சத்தத்தை இழுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மைக்கை ஐந்து அடி தள்ளி வைத்தால் எந்த மைக்கும் தெருச் சத்தத்தை எடுக்கத்தான் செய்யும். தூரம்தான் காரணம். ஃபேனை அணைத்துவிட்டு, தெரு அடங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்குப் பதிவு வையுங்கள்.

மறைமுகச் செலவு குறைவு. ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறினால் 'பட் பட்' என்று பொரியும். ஒரு காற்றுப் புகாத டப்பாவும் நாலு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் போதும்.

## டைனமிக்

ஷூர் எஸ்.எம்.57 வந்தது 1965-ல். இன்றைக்கும் பத்தாயிரத்தை ஒட்டி வாங்கிவிடலாம், கீழே விழுந்தாலும் எடுத்துத் துடைத்து மாட்டலாம். தவிலுக்கு இதைத்தான் வைக்கிறேன். தவிலின் வலது முகமான வலந்தலையில் விரல் கூடுகள் விழும்போது கிளம்பும் காற்று அடியை ரிப்பன் தாங்காது, அரை அடியில் ரிப்பனை அங்கே வைக்கவே கூடாது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்துக்கு இன்னொரு டைனமிக். பம்பை, உறுமி, பறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நாயனத்துக்கு எஸ்.எம்.57 எனக்குப் பிடிக்கவில்லை. 6000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதற்கு ஒரு மேடு உண்டு, நாயனத்தின் காரத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்காரும். ஆனால் அறை மோசமாக இருந்தால் கிட்டே வைத்துத் தப்பிக்க இதுதான் வழி.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | ரிப்பன் | கண்டென்சர் | டைனமிக் |
|---|---|---|---|
| நாயனத்தின் காரம் | தணிந்து, உருண்டு வரும் | தூக்கலாகத் தெரியும் | நடுவில் குத்தும் |
| தவில் (கிட்டத்தில்) | கூடாது | பேட் போட்டால் ஆகும் | இதுதான் |
| வீணை, புல்லாங்குழல் | பூஸ்டர் இருந்தால் நன்று | இதுதான் | மங்கும் |
| வயலின் | வில்லின் உரசல் தணியும், அருமை | தெளிவு, சில சமயம் கூச்சம் | சுமார் |
| சேர்ந்து வாசிக்கும்போது | பக்கவாட்டில் தவிலை ஒதுக்கும் | கொஞ்சம் கலக்கும் | கிட்டே வைத்தால் ஒதுங்கும் |
| மெத்தை இல்லாத அறை | மோசம் | சுமார் | சமாளிக்கும் |
| கூடுதல் செலவு | பூஸ்டர், கன ஸ்டாண்டு, மெத்தை, ரிப்பன் மாற்றுதல் | சிலிக்கா ஜெல், டப்பா | ஒன்றுமில்லை |

வாங்காமல் இன்னொரு வழியும் இருக்கிறது. வருடத்துக்கு நாலு நாயனப் பதிவுதான் என்றால், ரிப்பன் வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள், பைக்கின் பின்சீட்டில் கட்டாதீர்கள்.

## தம்பி வந்த நாள்

தம்பியை நேரில் வரச் சொன்னேன். பாரி நாயனத்தோடு வந்தார், கூட அவர் அப்பாவும் வந்தார். மூன்று மைக்கையும் ஒரே ஸ்டாண்டில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வைத்து, நாலு அடியில் ஒரு கல்யாணி ஆலாபனை வாசிக்கச் சொன்னேன். மூன்றின் ஒலி அளவையும் சமமாக்கிவிட்டு, எது எந்த மைக் என்று சொல்லாமல் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சத்தம் கொஞ்சம் கூடினாலே அதுதான் நல்ல மைக் என்று காது ஏமாறும், அதனால் அளவைச் சமமாக்குவது முக்கியம்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். டைனமிக் ஓடியபோது ஒன்றும் சொல்லவில்லை. கண்டென்சர் ஓடியபோது, "இதுல சீவாளி வெளிய நிக்குது" என்றார். ரிப்பன் ஓடியபோது, "இதுல சீவாளி வாய்க்குள்ள இருக்கு" என்றார். இத்தனை வருடத்தில் ரிப்பனைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

தம்பி உடனே ரிப்பன் வாங்கத் தயாராகிவிட்டார். அவருடைய அறை என்ன மாதிரி என்று கேட்டேன். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு, மேலே சிமெண்ட் ஷீட்டு, சுவரில் இன்னும் பூச்சுகூட முடியவில்லை. வரப்போகிற வேலையில் பாதிக்கு மேல் பாட்டு.

அதனால் அவரிடம் சொன்னது இதுதான். நாற்பதாயிரத்தில் முதல் பத்தாயிரத்தை அறைக்கு ஒதுக்குங்க தம்பி. மேலே ஜமக்காளம் கட்டி, சுவருக்கு மெத்தை தைத்துப் போடுங்க. பதினைந்தாயிரத்துக்குள் தூக்கல் குறைவான ஒரு கண்டென்சர், தவிலுக்கு ஒரு டைனமிக். மிச்சத்தைத் தொடாமல் வையுங்க. வைகாசி முகூர்த்தக் காசும் சேரட்டும், ஆடிக்கு முன்னால் ரிப்பன் வாங்கலாம். அதுவரைக்கும் நாயனப் பதிவு வந்தால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போங்க.

அப்பா போகும்போது துணிப்பைக்குள் இருந்த மைக்கை ஒருமுறை பார்த்தார். "இதை ஊதக் கூடாதாமே?" என்றார். ஆமாம் ஐயா என்றேன். தலையை ஆட்டிவிட்டு, சீவாளிகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.